இரவோடு இரவாக சலாலா போய்விடலாமா?

வாசகர் கேள்வி:

"சார், மஸ்கட் ரூவியில் இருக்கிறோம். நான், மனைவி, 9 வயதில் மகள், 4 வயதில் மகன். ஊரிலிருந்து அப்பா அம்மா விசிட் விசாவில் வந்திருக்கிறார்கள். அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வயது 68, இன்சுலின் போடுகிறார். அம்மா சுத்த சைவம். டிசம்பர் கடைசி லீவில் கடற்கரை ரோட்டிலேயே சூர், துக்ம், ஹாசிக் வழியாக சலாலா போகலாம் என்று ஆசை. வண்டி 7 சீட்டர் ஃபார்ச்சூனர், ஃபோர் வீல் உண்டு, நான் போட்டதே இல்லை. வியாழக்கிழமை டூட்டி முடித்து இரவு 9 மணிக்குக் கிளம்பினால் பிள்ளைகள் தூங்கிக்கொண்டே வரும், ரோடும் காலியாக இருக்கும், இரண்டே நாளில் போய்விடலாம் என்பது என் கணக்கு. மனைவிக்கு இதில் சம்மதமே இல்லை. கலூஃப் வெள்ளை மணலில் ஓட்டிப் பார்க்கவும் ஆசை. ஒழுங்கான பிளான் சொல்லுங்கள்."

பதில்:

முதலில் சண்டையைத் தீர்த்துவைக்கிறேன். உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. வியாழக்கிழமை இரவு கிளம்பாதீர்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஓமானில் எண்ணெய் வயல்களுக்குப் போகிற கம்பெனி வண்டிகளின் பயணத் திட்டத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற ஆள் நான். ஜர்னி மேனேஜர் என்பார்கள். யார் ஓட்டுகிறார், நேற்று இரவு தூங்கினாரா, எந்த வண்டி, டயர் எப்படி, எங்கே நிறுத்துவார், எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்து போன் போடுவார், இதெல்லாம் எழுத்தில் இல்லாமல் வண்டி கேட்டைத் தாண்டாது. சொன்ன நேரத்துக்குப் போன் வரவில்லை என்றால் தேட ஆள் போகும். இரவு ஓட்டத்துக்கு, உயிர் போகிற அவசரம் தவிர, நான் கையெழுத்துப் போடுவதே இல்லை. இத்தனைக்கும் அந்த டிரைவர்கள் வருஷக்கணக்கில் பாலைவனத்திலேயே ஓட்டுகிறவர்கள், பயிற்சி எடுத்தவர்கள். நீங்களோ எட்டு மணி நேரம் ஆபீஸில் உட்கார்ந்துவிட்டு, லக்கேஜ் ஏற்றி, பிள்ளைகளைக் கிளப்பி, அதற்கு மேல் ஸ்டியரிங் பிடிக்கப் பார்க்கிறீர்கள். கம்பெனியில் இந்தப் பேப்பர் என் மேஜைக்கு வந்திருந்தால் அப்படியே திருப்பி அனுப்பியிருப்பேன்.

காலி ரோடு என்கிறீர்கள். ரோடு காலியாக இருக்காது, ஒட்டகம் இருக்கும். பகல் முழுக்க மேய்ந்துவிட்டு, இரவில் தார் சூடாக இருக்கிறது என்று ரோட்டோரம் வந்து நிற்கும், சில சமயம் நடுரோட்டிலேயே படுத்திருக்கும். மணல் நிறத்திலேயே இருக்கிற மிருகம் அது. டிம் லைட்டில் அதன் கால் மட்டும்தான் தெரியும், உடம்பு வெளிச்சத்துக்கு மேலே இருட்டுக்குள் இருக்கும். 120-இல் போகிற வண்டி நொடிக்கு 33 மீட்டர் தாண்டுகிறது. டிம் லைட் 60 மீட்டர் காட்டினால் அதிகம். கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே 50 மீட்டர் போய்விடும், அதற்கப்புறம் வண்டி நிற்க இன்னும் 70, 80 மீட்டர் வேண்டும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். மாட்டில் இடிப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஒட்டகத்தின் காலில்தான் பம்பர் படும், நானூறு ஐந்நூறு கிலோ உடம்பு அப்படியே கண்ணாடி மேல் வந்து விழும். முன் சீட்டில் இருப்பது யார் என்று யோசித்துப் பாருங்கள், மேற்கொண்டு நான் விவரிக்க வேண்டியதில்லை.

ஆக, பகலில் மட்டும்தான் ஓட்டம். டிசம்பர் கடைசியில் மஸ்கட் பக்கம் காலை ஆறே முக்காலுக்குத்தான் சூரியன் வரும், சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் போய்விடும். முழுசாகப் பதினோரு மணி நேரம்கூடக் கிடையாது, அதில் சாப்பாடு, தொழுகை நேரத்தில் மூடிக்கிடக்கும் கடைகள், "பாத்ரூம் வருது" எல்லாம் கழியும். அதனால் திட்டத்தைக் கிலோமீட்டர் பார்த்துப் போடாதீர்கள், வெளிச்சம் பார்த்துப் போடுங்கள். சாயங்காலம் 4 மணிக்கு அன்றைய ஊரில் வண்டி நிற்க வேண்டும். 4 மணி என்று வைத்துக்கொண்டால்தான் ஒரு பஞ்சரோ வாந்தியோ வந்தாலும் ஐந்தரைக்குள் சமாளிக்கலாம்.

அடாம், ஹைமா, தும்ரைத் வழியாகப் போகிற உள்பாதையே சுமார் 1,000 கிலோமீட்டர். கடற்கரைப் பாதை அதைவிட முந்நூறாவது கூடும். இதை இரண்டு நாளில் முடித்தால் நீங்கள் பார்த்தது முன்னால் போன லாரியின் பின்பக்கமாகத்தான் இருக்கும். போவதற்கு மட்டும் ஐந்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு என்றால் இன்னும் நல்லது. லீவு அவ்வளவு இல்லை என்றால் துக்ம் வரை போய்விட்டுத் திரும்பிவிடுங்கள். அதில் ஒன்றும் குறைந்துவிடாது.

வெள்ளிக்கிழமை காலை வெளிச்சம் வந்ததும் கிளம்புங்கள். முதல் நாள் ராஸ் அல் ஹத் வரைதான், 250 கிலோமீட்டர் சொச்சம். குரியாத் தாண்டி சூர் வரைக்கும் நல்ல இரட்டைப் பாதை, இடது பக்கம் கடல், வலது பக்கம் மலை. வழியில் பிம்மா பள்ளத்தை அப்பாவுக்குக் காட்டலாம், படிக்கட்டு இருக்கிறது, இறங்க முடியாவிட்டால் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாலே பச்சைத் தண்ணீர் தெரியும். வாதி ஷாப் வேண்டாம் (வாதி என்றால் மலை இடுக்கில் ஓடும் காட்டாறு). படகில் கடந்து, பாறைமேல் முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும், அம்மாவுக்கு ஆகாது. மலைப் பக்கம் மேகம் கறுத்திருந்தால் எந்த வாதிக்குள்ளும் கால் வைக்காதீர்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே பெய்த மழை கீழே வந்து சேரும்.

அன்று வெள்ளிக்கிழமை என்பதால் இன்னொரு விஷயம். ஜும்மா நேரத்தில், பதினொன்றரையிலிருந்து இரண்டு மணி வரை, பல ஊர்களில் காபி ஷாப் முதல் மளிகைக் கடை வரை ஷட்டர் இறங்கிவிடும். இன்சுலின் போட்டுக்கொண்டவர் சாப்பாட்டுக்குக் காத்திருக்க முடியாது. பதினொரு மணிக்கே சாப்பிட்டுவிடுங்கள், இல்லையென்றால் கட்டுச்சோறுதான். புளியோதரையும் தயிர்சாதமும் ஒரு நாள் தாங்கும்.

ராஸ் அல் ஜின்ஸில் ஆமை பார்க்க முன்பதிவு செய்யுங்கள். பச்சை ஆமைகள் வருஷம் முழுக்க முட்டையிட வரும் கரை அது. கோடையில்தான் கூட்டம் கூட்டமாக வரும், டிசம்பரில் ஒன்றிரண்டு வரலாம், வராமலும் போகலாம், அதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரவில் ஒரு முறையும் விடியற்காலையில் ஒரு முறையும் கூட்டிப்போவார்கள். விடியற்காலைதான் என் சிபாரிசு, நான்கு வயசுப் பையன் ராத்திரி மணலில் நடக்கும்போது தூங்கி விழுவான். செல்போன் லைட் அடிக்கக் கூடாது என்றால் அடிக்கக் கூடாதுதான், "ஒரே ஒரு போட்டோ" என்று கெஞ்சாதீர்கள்.

இரண்டாம் நாள்தான் நிஜமான பாலைவனக் கடற்கரை ஆரம்பம். அல் அஷ்கராவுக்குத் தெற்கே வஹீபா மணல்மேடுகள் கிட்டத்தட்டக் கடல்வரைக்கும் வந்துவிடும், ரோடு இரண்டுக்கும் நடுவில் போகும். காற்று அடிக்கிற நாளில் மணல் நாக்கு நாக்காகத் தார்மேல் நீளும். தூரத்தில் பார்த்தால் நிழல் மாதிரிதான் தெரியும், பக்கத்தில் போனால் அரை அடி உயரம் இருக்கும். மணலுக்குள் போனபிறகு பிரேக் போடாதீர்கள், அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துத் தாண்டுங்கள். 80-க்கு மேல் போகிற வேலையே இந்தத் துண்டில் வேண்டாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குக் காற்றில் இது தொல்லைபிடித்த ரோடு, டிசம்பரில் எவ்வளவோ தேவலை, கடலும் அடங்கியிருக்கும்.

இரவு மஹூத்தில் தங்கல். சாதாரண ஹோட்டல்தான் கிடைக்கும், அம்மாவிடம் சொல்லிவையுங்கள், தலையணை உறை ரெண்டு கையோடு எடுத்துப்போங்கள். மசீரா தீவை இந்த முறை விட்டுவிடுங்கள். ஷன்னாவில் படகுக்கு வரிசையில் நின்று, போக ஒரு மணி, வர ஒரு மணி என்று அதற்கே தனியாக ஒன்றரை நாள் வேண்டும்.

இப்போது கலூஃப். உங்கள் கடிதத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கிய வரி, "ஃபோர் வீல் உண்டு, நான் போட்டதே இல்லை" என்பதுதான். ஆறு பேரோடும் லக்கேஜோடும் தனி வண்டியில் போய், முதல் தடவையாக அங்கே பழகுவது என்பது வேண்டாத வேலை. மஸ்கட்டிலேயே ஒரு வெள்ளிக்கிழமை, தெரிந்த நண்பர் ஒருவரோடு இரண்டு வண்டியாக பௌஷர் மணல் பக்கம் போய்ப் பழகுங்கள். டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ. வரை இறக்குவது, எப்போது 4 ஹை (நான்கு சக்கரமும் இழுக்கும் வேக கியர்), எப்போது 4 லோ (மெதுவான, இழுவை அதிகமான கியர்), சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பது, அவ்வளவுதான் பாடம். திரும்பத் தார் ரோட்டுக்கு வந்ததும் காற்றைப் பழையபடி ஏற்றியாக வேண்டும். பத்து நிமிஷ வேலைக்குச் சோம்பல்பட்டு, தொளதொளத்த டயரோடு 120-இல் போனால் டயர் சூடேறி வெடிக்கும். அதனால் பேட்டரியில் கிளிப் மாட்டும் ஏர் கம்ப்ரஸர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சிகரெட் லைட்டரில் சொருகும் பொம்மை வேண்டாம்.

கலூஃபில் தார் முடிகிற இடத்தில் மீன்பிடிக்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, அவருடைய வண்டியிலேயே மணலுக்குப் போய் வாருங்கள். அதற்குக் கேட்கிற காசு, ரிக்கவரி வண்டி கேட்கிற காசோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. தண்ணீர் வற்றியிருக்கும்போது கடலோரத்து ஈர மணலில் அவர்கள் சர்ரென்று போவதைப் பார்த்து, நாமும் போகலாம் என்று கை துறுதுறுக்கும். அலை ஏறும் நேரம் அவர்களுக்கு மனப்பாடம், உங்களுக்குத் தெரியாது. அங்கே வண்டியை விட்டுவிட்டுப் போட்டோ எடுக்கப் போய், திரும்பி வந்தபோது கதவுவரை கடல் ஏறியிருந்த கதைகளெல்லாம் உண்டு.

மணலைவிட எனக்குப் பயம் சப்கா. மஹூத்துக்கும் பர் அல் ஹிக்மானுக்கும் இடையில் தட்டையாக, பழுப்பாக, நூறு வண்டி நிறுத்தலாம் போலக் கிடக்கும் உப்புத் தரைதான் அது. பால் ஆறினதும் மேலே ஆடை கட்டுமே, அப்படி உப்பு காய்ந்து ஓர் ஏடு, அடியில் சாம்பல் நிறத்தில் சேறு. மனிதன் நடந்தால் தாங்கும், இரண்டரை டன் வண்டியைத் தாங்காது. எங்கள் ஆட்கள் ஒருமுறை ஒரு குடும்பத்தின் வண்டியை மீட்கப் போனார்கள். ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் நின்றது, பூநாரைகளைப் பக்கத்தில் பார்க்கலாம் என்று இறக்கியிருக்கிறார்கள். கதவைத் திறந்தால் கதவின் அடிப்பக்கம் சேற்றை வழித்துக்கொண்டு வந்தது. இழுக்கப் போன வண்டியும் முன்சக்கரம் இறங்கிவிட, அதை இழுக்க இன்னொன்று வரவழைத்து, நீளமான கயிறுகளை ஒன்றோடொன்று முடிந்து, தார் ரோட்டில் நின்றபடியே இழுத்தார்கள். சாயங்காலம் ஆகிவிட்டது. அந்தப் பிள்ளைகள் அதுவரை ஒரு குடையின் கீழ் உட்கார்ந்திருந்தன. பறவை பார்க்க வேண்டும் என்றால் தாராளமாகப் பாருங்கள், குளிர்காலத்தில் சைபீரியா பக்கத்திலிருந்தெல்லாம் லட்சக்கணக்கில் வந்து இறங்கும் இடம் அது. ஷன்னா போகும் தார் ரோட்டிலிருந்தே பாருங்கள், ஒரு பைனாகுலர் போதும். புதிதாக இன்னொரு வண்டியின் தடம் தெரிந்தால்கூட அதை நம்பி இறங்காதீர்கள், அது போன வாரம் தரை காய்ந்திருந்தபோது போனதாக இருக்கலாம்.

உள்ளூர்க்காரர் "போகாதே" என்றால் போகக் கூடாது. இதற்கு இதே கடற்கரையில் 500 வருஷத்துப் பழைய சாட்சி இருக்கிறது, மகளுக்குச் சொல்லிக்கொண்டே ஓட்டலாம். நீங்கள் நான்காம் நாள் கடக்கப்போகும் கரைக்கு எதிரே ஹல்லானியாத் தீவுகள் இருக்கின்றன. 1503-இல் வாஸ்கோ ட காமாவின் தாய்மாமன்கள் இருவர் தங்கள் கப்பல்களை அங்கே நிறுத்தியிருந்தார்கள். வடக்கிலிருந்து பலமான காற்று வரப்போகிறது, தீவின் அந்தப் பக்கம் போய்விடுங்கள் என்று கரையிலிருந்த மீனவர்கள் எச்சரித்தார்கள். எங்கள் நங்கூரம் தாங்கும் என்று இவர்கள் அங்கேயே இருந்துவிட்டார்கள். காற்று வந்தது, இரண்டு கப்பல் போயிற்று. அதில் எஸ்மெரால்டா என்று கருதப்படும் கப்பலின் மிச்சங்களைக் கண்டெடுத்த செய்தியை 2016-இல் ஓமான் அரசு வெளியிட்டது.

மூன்றாம் நாள் துக்ம். 200 கிலோமீட்டர்கூட வராது, மதியத்துக்கே போய்விடலாம், போங்கள். அங்கே துறைமுகமும் சுத்திகரிப்பு ஆலையும் வந்தபிறகு நல்ல ஹோட்டல்கள் இருக்கின்றன, ஆஸ்பத்திரி இருக்கிறது, சூருக்கும் சலாலாவுக்கும் நடுவில் ஓய்வெடுக்கச் சரியான இடம் இதுதான். துணி துவைத்து, பிள்ளைகளைக் கடலில் விட்டு, டயரையும் ஆயிலையும் பார்த்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் பாறைப் பூங்காவுக்குப் போனால் காற்றும் உப்பும் அரித்த பாறைகளில் பையன் ஒட்டகம், ஆமை என்று தானே பேர் வைத்துக்கொண்டிருப்பான்.

நான்காம் நாள்தான் நீளம், துக்மிலிருந்து ஷுவைமியா வரை நானூறை ஒட்டி வரும். இங்கேதான் ஆள் நடமாட்டம் குறையும், போன் சிக்னல் வந்து வந்து போகும், பெட்ரோல் பங்குக்கும் பங்குக்கும் நடுவே நீண்ட இடைவெளி விழும். அரை டேங்குக்குக் கீழே முள் போக விடாதீர்கள். "அடுத்த பங்கில் போட்டுக்கலாம்" என்பது சென்னை–திருச்சி ரோட்டுப் பழக்கம், இங்கே அடுத்த பங்கில் டேங்கர் வரவில்லை என்று போர்டு தொங்கும். மேப்பை மஸ்கட்டிலேயே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஷுவைமியா, ஷலீம் பக்கம் தங்கும் இடம் மிகக் குறைவு, போன் செய்து அறையை உறுதி செய்யாமல் துக்மை விட்டுக் கிளம்பாதீர்கள். அறை கிடைக்கவில்லை என்றால் துக்மிலிருந்து உள்நாட்டு வழியாகப் போய் ஹைமாவில் தங்கிச் சலாலா சேருங்கள். வேறு வழியில்லையே என்று இருட்டில் ஹாசிக் மலை இறங்குவதுதான் கூடவே கூடாது.

ஏனென்றால் ஷுவைமியாவுக்கும் ஹாசிக்குக்கும் நடுவில் ரோடு மலைமேல் ஏறி இறங்குகிறது. அருமையான ரோடு, அருமையான காட்சி, ஆனால் ஏழு சீட் வண்டியில் பாரம் ஏற்றிக்கொண்டு பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் கீழே வரும்போது பிரேக் வாடை அடிக்கும், அதற்கு மேல் பிரேக் பிடிக்காது. கியரைக் குறைத்து இன்ஜினை வைத்து இறக்குங்கள். ஹாசிக் பக்கத்தில் ரோட்டோரப் பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி சுண்ணாம்பு விழுதுகளாகத் தொங்கும் இடம் ஒன்று உண்டு, நிறுத்திப் பார்க்கலாம்.

அப்புறம் ஐந்தாம் நாள், மிர்பாத் தாண்டி தாக்கா போவதற்குள் சும்ஹுரம். யுனெஸ்கோ 2000-இல் பட்டியலில் சேர்த்த சாம்பிராணி நிலத்தின் பழைய துறைமுகம் அது. கோர் ரோரி கழிமுகத்துக்கு மேலே மதில் சுவர்கள் நிற்கின்றன. இதை அப்பாவுக்காகவே சொல்கிறேன். இங்கே இத்தாலிய ஆய்வுக் குழு 2006-இல் தோண்டியபோது தமிழ் பிராமி எழுத்து கீறிய பானை ஓடு ஒன்று கிடைத்தது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள், "ணந்தை கீரன்" என்று படித்திருக்கிறார்கள். உடைந்த பானையின் தோள்பகுதியை மூடியாக வெட்டிப் பயன்படுத்தியிருக்கிறார்கள், அதில்தான் பெயர். பருவக்காற்று பிடித்து வந்து, திரும்பும் காற்றுக்காக மாசக்கணக்கில் இங்கே காத்துக்கிடந்த யாரோ ஒரு கீரன். தமிழாசிரியர் ஒருவரை அந்தச் சுவர்மேல் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள், கேள்வி கேட்க ஆள் வேண்டும், மகளைக் கூட நிறுத்துங்கள். வழியில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

இனி வண்டிக்குள். நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் உங்கள் பெரிய பிரச்சினை இடம்தான். மூன்றாம் வரிசை சீட்டை உட்கார விரித்துவிட்டால் ஃபார்ச்சூனரில் பின்னால் இரண்டு பெட்டிக்கு மேல் நிற்காது. கூரையில் ஏற்றலாம் என்று நினைப்பீர்கள், தண்ணீர் கேனும் பெரிய பெட்டியும் கூரையில் போனால் வளைவில் வண்டி ஆடும். துணிப்பைகளை மட்டும் மேலே கட்டுங்கள், கனமானது எல்லாம் கீழே, சீட்டுக்குப் பின்னால் ஒட்டி. பையனுக்குக் குழந்தை சீட், நடு வரிசையில். அவனை மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று பாட்டி சொல்வார், சம்மதிக்காதீர்கள். அப்பா முன்னால், அம்மா நடு வரிசையில், மனைவியும் மகளும் பின்னால். மனைவிக்கு லைசென்ஸ் இருந்தால் இரண்டு மணிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள், அது எல்லாவற்றையும்விட நல்லது.

டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று ஆரம்பிக்கும் எழுத்துகளின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-இன் 23-வது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருக்கிறதே என்று கடைக்காரர் சொன்னாலும், வளைகுடா வெயிலில் ஐந்து வருஷம் தாண்டிய டயரோடு இந்த ரோட்டுக்குப் போக நான் யாருக்கும் கையெழுத்துப் போட்டதில்லை. ஸ்டெப்னியிலும் அதே எண்ணைப் பாருங்கள், அதில் காற்று இருக்கிறதா என்றும் பாருங்கள், வண்டி வாங்கினதிலிருந்து யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

இன்சுலின் விஷயத்தை அப்பாவின் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், நான் டாக்டர் இல்லை. ஆனால் வண்டி சம்பந்தப்பட்டதைச் சொல்லலாம். டிசம்பரிலும் வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் 40 டிகிரி சர்வசாதாரணம். மருந்தை டாஷ்போர்டில் வைக்காதீர்கள், டிக்கியில் வைக்காதீர்கள், இறங்கும்போது கையோடு போக வேண்டும். ஐஸ் பெட்டியில் ஐஸ்மேல் நேராக வைத்தாலும் கெட்டுப்போகும், உறைந்த இன்சுலின் ஆகாது, துணியில் சுற்றி வையுங்கள். இரண்டு பேனாவை இரண்டு பையில் பிரித்து வையுங்கள். குளுக்கோஸ், பேரீச்சை, பிஸ்கட் அப்பாவின் கை எட்டும் இடத்தில், சீட்டுக்குப் பின்னால் மூன்றாவது பையில் இல்லை. அம்மாவுக்குச் சாப்பாட்டுப் பஞ்சம் வராது. வழியெல்லாம் மலையாளிகளின் காபி ஷாப் இருக்கிறது, பரோட்டா, பருப்பு, சாயா எங்கேயும் கிடைக்கும். ஒரே சட்டுவத்தில்தான் மீனும் பரோட்டாவும் புரளும் என்பது அவருக்குத் தெரிந்தால் சாப்பிட மாட்டார். சின்ன ரைஸ் குக்கர் ஒன்று எடுத்துப்போங்கள்.

தண்ணீர் தலைக்கு ஒரு நாளுக்கு 5 லிட்டர், தினமும் காலையில் நிரப்பிக்கொள்ளுங்கள். வண்டி நின்றுவிட்டால், பானெட்டைத் திறந்து வைத்து, வண்டியின் நிழல் பக்கம் உட்காருங்கள், ஊர் தெரிகிறதே என்று நடக்காதீர்கள். சிக்னல் இருந்தால் போலீஸ் 9999. இல்லையென்றால் காத்திருங்கள், வருகிற முதல் பிக்கப் நிற்கும், அந்தப் பக்கத்து பதூக்கள் (பாலைவன மக்கள்) நிற்காமல் போகிறவர்கள் இல்லை. மஸ்கட்டில் நம்பகமான ஒரு நண்பரிடம் ஐந்து நாள் திட்டத்தையும் எழுதிக் கொடுங்கள். தினமும் 4 மணிக்கு அவருக்கு ஒரு மெசேஜ். 6 மணிவரை வரவில்லை என்றால் அவர் முதலில் ஹோட்டலுக்கு, அடுத்தது போலீஸுக்குப் போன் போட வேண்டும். யாருக்குப் போட வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள், பதற்றத்தில் யாருக்கும் ஒன்றும் ஓடாது.

திரும்பி வருவது பற்றி நீங்கள் எழுதவே இல்லை, எல்லாரும் அதை மறந்துவிடுகிறார்கள். ஐந்து நாள் வெளியே சுற்றிய பெரியவர்களை மறுபடி 1,000 கிலோமீட்டர் உட்கார வைக்காதீர்கள். சலாலாவிலிருந்து மஸ்கட்டுக்கு விமானம் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். அப்பா அம்மாவோடு மனைவியையும் பையனையும் ஏற்றிவிட்டு, நீங்களும் மகளும் ஹைமாவில் ஓர் இரவு தங்கி உள்பாதையில் வாருங்கள். லீவு நெருங்க நெருங்க டிக்கெட் விலை ஏறும், ஹோட்டலுக்கு முன்னால் அதைப் போட்டுவிடுங்கள்.